டெசராக்ட் எழுத்துணரி: தமிழுக்கு நிறுவும்போது எங்கே சிக்குகிறது?

அச்சிட்ட பக்கத்தின் படத்தைக் கொடுத்தால், அதிலுள்ள எழுத்துகளைத் தேடவும் திருத்தவும் கூடிய உரையாக மாற்றித் தரும் இலவச எழுத்துணரிதான் டெசராக்ட். இதற்குச் சாளரமும் இல்லை, பொத்தான்களும் இல்லை. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டச்சு செய்துதான் வேலை வாங்க வேண்டும். ஒரு சிறிய வாசகசாலையின் பழைய ஆண்டு மலர்களைக் கணினியில் ஏற்றித் தருவதாக ஒப்புக்கொண்ட காரணத்தால், உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்), விண்டோஸ், மேக் ஆகிய மூன்று வகைக் கணினிகளிலும் நானும் நண்பர்களும் இதனை நிறுவ நேர்ந்தது. கருவி நல்லது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்துக்கு நிறுவுவது சில நிமிட வேலை. தமிழுக்கு நிறுவுவதற்கு அதைவிட ஒரே ஒரு படி கூடுதலாக ஏற வேண்டும். நான் பார்த்தவரையில் தடுக்கி விழுந்தவர்கள் எல்லோரும் அந்தப் படியில்தான் விழுந்தார்கள். இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அந்தப் படியைப் பற்றியது. கட்டளைச் சொற்களை இங்கே தமிழ் எழுத்திலேயே குறித்திருக்கிறேன். முனையத்தில், அதாவது அந்தக் கறுப்புத் திரையில், அவற்றை ஆங்கில எழுத்தில்தான் இட வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இது நேற்று முளைத்த மென்பொருள் அல்ல. 1985 முதல் 1994 வரை எச்பி நிறுவனத்தின் பிரிஸ்டல் ஆய்வகத்திலும் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து கிரீலியிலும் உருவாக்கப்பட்டு, பிறகு பல ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்து, 2005-இல் திறமூல மென்பொருளாக வெளியிடப்பட்டது. 2006 முதல் 2018 வரை கூகுளில் வளர்ந்தது. அந்தக் காலம் முழுவதும் ரே ஸ்மித் என்பவர் முதன்மை நிரலாளராக இருந்தார். 2018-இல் வந்த 4-ஆம் பதிப்பில்தான், எழுத்தை எழுத்தாகப் பிரித்துப் பார்க்கும் பழைய முறைக்குப் பக்கத்தில், வரியை முழு வரியாக வாசிக்கும் நரம்புப் பின்னல் முறை சேர்ந்தது. மேலே புள்ளி, பக்கத்தில் கால், முன்னால் கொம்பு என்று நாலாபக்கமும் உறுப்புகள் ஒட்டிக்கொள்ளும் நம் எழுத்துக்கு அந்த மாற்றம்தான் உயிர் கொடுத்தது. 2021 நவம்பரில் 5-ஆம் பதிப்பு வெளிவந்தது. இந்த வரலாற்றை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு: இணையத்தில் கிடைக்கும் நிறுவல் குறிப்புகளில் பல 3-ஆம் பதிப்பின் காலத்தவை, இன்றைய பதிப்புக்கு அவற்றைப் பின்பற்றினால் இல்லாத சிக்கல்களையும் நாமே வரவழைத்துக்கொள்வோம்.

டெசராக்டை நிறுவுவது என்பது உண்மையில் இரண்டு பொருள்களைக் கொண்டுவந்து சேர்ப்பதாகும். ஒன்று வாசிக்கும் இயந்திரம்; மற்றொன்று, எந்த மொழியை வாசிக்க வேண்டுமோ அந்த மொழிக்காகப் பயிற்றுவிக்கப்பட்ட தரவுக் கோப்பு. தமிழுக்குரிய கோப்பின் பெயர் 'டேம்' என்னும் மூன்றெழுத்துக் குறியில் தொடங்கி 'டிரெய்ன்ட்டேட்டா' என்ற ஒட்டுடன் முடியும். மொழிக் குறியை இரண்டெழுத்தில் 'டிஏ' என்று கொடுத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று நொந்துகொண்டவர்களுள் நானும் ஒருவன். பிற மென்பொருள்கள் பலவற்றில் தமிழுக்கு அதுதான் குறி என்பதால் கை தானாக அங்கே போய்விடுகிறது. இந்த ஒரு கோப்பு இருக்க வேண்டிய இடத்தில் இல்லாவிட்டால், மொழியை ஏற்ற முடியவில்லை, எந்த மொழியும் ஏறவில்லை, தொடங்கவே இயலவில்லை என்று மூன்று நான்கு வரிகளில் கருவி புலம்பிவிட்டு நின்றுவிடும். பார்ப்பதற்கு முழு நிறுவலும் பாழாகிவிட்டதைப் போலத் தோன்றும். ஆனால் அந்தப் புலம்பலின் முதல் வரியில், தான் எந்தக் கோப்புறைக்குள் எந்தக் கோப்பைத் தேடியது என்பதைக் கருவி முழு முகவரியுடன் எழுதியிருக்கிறது. அந்த வரியை வாசித்து, அந்தக் கோப்புறையைத் திறந்து பார்ப்பதுதான் வைத்தியத்தில் பாதி.

அதற்கு முன்பாகச் செய்யத்தக்க ஒரு சோதனையும் உண்டு. டெசராக்ட் என்ற கட்டளைக்குப் பின் இரட்டைக் கோடிட்டு 'லிஸ்ட்-லாங்ஸ்' என்று கொடுத்தால், கைவசமுள்ள மொழிகளின் பட்டியல் வரும். 5-ஆம் பதிப்பு அந்தப் பட்டியலின் தலைப்பிலேயே கோப்புறையின் முகவரியையும் சேர்த்துச் சொல்கிறது. 4-ஆம் பதிப்பு எத்தனை மொழிகள் என்ற எண்ணிக்கையை மட்டுமே சொல்லும். சிறு மாற்றம்தான் என்றாலும், எனக்கு 5-ஆம் பதிப்பில் மிகவும் பிடித்தது இதுதான் என்று சொன்னால் மிகையில்லை. யாராவது உதவி கேட்டு எழுதினால், வேறு எதையும் கேட்பதற்கு முன் அந்தப் பட்டியலையும், 'வெர்ஷன்' கட்டளையின் விடையையும் அனுப்பச் சொல்கிறேன். பெரும்பாலும் அதற்கு மேல் கேட்க வேண்டியிருப்பதில்லை.

உபுண்டுவில் இதைவிட எளிதாக நிறுவ முடியாது. 'டெசராக்ட்-ஓசிஆர்' என்ற பொதியை நிறுவினால் இயந்திரமும், ஆங்கிலத் தரவும், பக்கத்தின் திசையைக் கண்டறியும் தரவும் சேர்ந்தே வரும். தமிழ் வராது. 'டெசராக்ட்-ஓசிஆர்-டேம்' என்று இன்னொரு பொதியைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். நான் மேலே சொன்ன கூடுதல் படி இதுவே. இரண்டையும் உபுண்டுவின் சொந்த மென்பொருள் கிடங்கிலிருந்து நேரடியாகப் பெற்றுக்கொண்டு, வேறு எதையும் தொடாமல் இருந்தால், உபுண்டுவில் சிக்கல் வருவதற்கு வழியே இல்லை. சிக்கல், அதிகமாகப் படித்தவர்களுக்குத்தான் வருகிறது.

அந்த அதிகப்படிப்பின் பெயர் 'டெஸ்டேட்டா-பிரிஃபிக்ஸ்' என்னும் சூழல் மாறி, அதாவது நிரல்கள் பார்த்து நடப்பதற்காகக் கணினியில் ஒரு பெயரிட்டு எழுதி வைக்கும் குறிப்பு. தரவுக் கோப்புறை எங்கே இருக்கிறது என்று கருவிக்குச் சொல்வதற்காக ஏற்பட்டது இது. 3-ஆம் பதிப்பின் காலத்தில், 'டெஸ்டேட்டா' என்ற கோப்புறையைத் தன்னுள் கொண்டிருக்கும் தாய்க் கோப்புறையின் முகவரியை இதற்குக் கொடுக்க வேண்டும். 4-ஆம் பதிப்பிலிருந்து 'டெஸ்டேட்டா' கோப்புறையின் முகவரியையே கொடுக்க வேண்டும். ஒரே பெயரை வைத்துக்கொண்டு பொருளை மட்டும் மாற்றிவிட்டார்கள். பழைய குறிப்பைப் பார்த்து ஒருவர் தாய்க் கோப்புறையைக் கொடுப்பார். அது வேலை செய்யாது. புதிய குறிப்பைப் பார்த்து இன்னொருவர் பழைய பதிப்பில் உள் கோப்புறையைக் கொடுப்பார். அதுவும் வேலை செய்யாது. இருவரும் தங்கள் அனுபவத்தைப் பிறருக்கு அறிவுரையாக எழுதுவார்கள். இந்தக் கருவியின் வடிவமைப்பில் நான் குறையாகச் சொல்வது இந்த முடிவைத்தான். புதிய பொருளுக்குப் புதிய பெயர் வைத்திருந்தால் எத்தனையோ பேருடைய மாலைப் பொழுதுகள் மிஞ்சியிருக்கும்.

இதில் இன்னொரு முள்ளும் இருக்கிறது. உபுண்டு 22.04-இல் கிடைக்கும் பதிப்பு 4.1.1, அதன் தரவுகள் யூஎஸ்ஆர், ஷேர், டெசராக்ட்-ஓசிஆர் என்ற வரிசையில் உள்ளே போனால் 4.00 என்ற கோப்புறைக்குள் இருக்கும். 24.04-இல் கிடைப்பது 5.3.4, அங்கே அந்தக் கோப்புறையின் பெயர் வெறும் 5. பழைய கணினியில் சூழல் மாறியைச் சரியாகவே அமைத்து, தொடக்கக் கோப்பில் எழுதி வைத்து, பல மாதங்கள் நிம்மதியாக இருந்த ஒருவர், இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள் டெசராக்ட் கெட்டுவிட்டது என்பார். கெட்டது டெசராக்ட் அல்ல. இல்லாத வீட்டின் முகவரியைக் காட்டிக்கொண்டிருக்கும் அந்த ஒரு வரிதான். ஆகையால் கிடங்கிலிருந்து நிறுவியவர்கள் இந்த மாறியை அமைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. ஏற்கெனவே அமைத்திருந்தால் நீக்கிவிட்டு ஒருமுறை சோதித்துப் பாருங்கள். தற்காலிகமாக வேறு கோப்புறையிலுள்ள தரவைப் பயன்படுத்த வேண்டுமானால், கட்டளையிலேயே 'டெஸ்டேட்டா-டிர்' என்ற தேர்வை இட்டு முகவரியைக் கொடுப்பது பாதுகாப்பானது. அந்தக் கட்டளையோடு அதன் ஆயுள் முடிந்துவிடும்.

தரவுக் கோப்பைக் கிடங்கிலிருந்து பெறாமல் திறமூல மென்பொருள்களின் கோப்புகள் வைக்கப்படும் கிட்ஹப் தளத்திலிருந்து நேரடியாக இறக்கிக்கொள்பவர்களும் உண்டு. சிறந்த தரவு அங்கேதான் இருக்கிறது என்பதால் நானும் அப்படிச் செய்ததுண்டு. அங்கே மூன்று தொகுப்புகள் இருக்கின்றன. 'ஃபாஸ்ட்' என்பது சிறியது, விரைவானது. உபுண்டு தருவது இந்த வகைதான். 'பெஸ்ட்' என்பது பெரியது, மெதுவானது, கொஞ்சம் துல்லியம் கூடியது. அடைமொழி இல்லாத மூன்றாவது தொகுப்பில் பழைய முறைக்கும் புதிய முறைக்கும் உரிய தரவுகள் சேர்ந்திருக்கும் என்பார்கள். ஆனால் இந்திய மொழிகளுக்கும் அரபு எழுத்து மொழிகளுக்கும் உரிய கோப்புகளிலிருந்து பழைய முறைத் தரவுகளை நீக்கிவிட்டார்கள். ஆகவே தமிழுக்கு, எந்த முறையில் வாசிக்க வேண்டும் என்று சொல்லும் 'ஓஈஎம்' தேர்வில் 0 என்று கொடுக்கச் சொல்லும் எந்தக் குறிப்பையும் நம்ப வேண்டாம். கேட்ட இயந்திரத்துக்குரிய உறுப்புகள் கோப்பில் இல்லை என்று கருவி சொல்லிவிடும். 1 என்று கொடுக்கலாம், அல்லது ஒன்றுமே கொடுக்காமல் விட்டுவிடலாம்.

கிட்ஹப்பிலிருந்து இறக்கும்போது நிகழும் வேடிக்கை ஒன்று உண்டு. கோப்பின் பெயர்மீது வலச் சொடுக்கி, சேமி என்று கொடுத்தால், சேமிக்கப்படுவது தரவு அல்ல, அந்தத் தரவைப் பற்றிய வலைப்பக்கம். பெயரும் ஒட்டும் சரியாக இருக்கும். சரியான கோப்புறையில் வைத்திருப்பீர்கள். பட்டியல் கட்டளையும் தமிழ் இருப்பதாகவே காட்டும், ஏனெனில் அது பெயரைத்தான் பார்க்கிறது. ஆனால் வேலை என்று வரும்போது மொழியை ஏற்ற முடியவில்லை என்றே பிழை வரும். நண்பர் ஒருவருடைய கணினியில் இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிடித்தது. கோப்பை உரைத்தொகுப்பியில் திறந்து பார்த்தால் உடனே தெரிந்துவிடும்: வாசிக்கத்தக்க வலைப்பக்க நிரல் தெரிந்தால் அது தரவு அல்ல. அளவும் காட்டிக்கொடுக்கும், உண்மையான கோப்பு மெகாபைட் கணக்கில் இருக்கும், போலி சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். பக்கத்தைத் திறந்து, உள்ளே இருக்கும் பதிவிறக்கப் பொத்தானை அழுத்திப் பெறுவதே முறை.

தரவைத் தனிக் கோப்புறையில் வைத்துக்கொள்பவர்களுக்கு மட்டும் வரும் இன்னொரு சிக்கலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெறும் உரையாக இல்லாமல், பக்கப் படத்தின் பின்னால் எழுத்து ஒளிந்திருக்கும் பிடிஎஃப் கோப்பாகவும் டெசராக்ட் தரும். வாசகசாலை வேலைக்கு எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான். ஆனால் 'பிடிஎஃப்' என்ற அந்தச் சொல் உண்மையில் தரவுக் கோப்புறைக்குள் 'கான்ஃபிக்ஸ்' என்ற உட்கோப்புறையில் இருக்கும் சிறு அமைப்புக் கோப்பு ஒன்றின் பெயர். நீங்கள் மொழிக் கோப்பை மட்டும் புதிய கோப்புறையில் வைத்து அதைக் கருவிக்குக் காட்டினால், எழுத்துணர்தல் நடக்கும், ஆனால் அமைப்புக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற எச்சரிக்கையோடு வெறும் உரைக் கோப்புதான் கிடைக்கும். கான்ஃபிக்ஸ் கோப்புறையை மட்டும் கொண்டுவந்தாலும் போதாது. 'பிடிஎஃப்' என்ற பெயரில் உள்ள எழுத்துருக் கோப்பையும் பழைய தரவுக் கோப்புறையிலிருந்து நகலெடுத்து வைக்க வேண்டும்.

விண்டோஸுக்கு வருவோம். ஜெர்மனியின் மான்ஹைம் பல்கலைக்கழக நூலகம் தன் நாட்டின் பழைய செய்தித்தாள்களை எழுத்தாக்குவதற்காக டெசராக்டைப் பயன்படுத்துகிறது. அந்த நூலகத்தார் விண்டோஸுக்கு ஆயத்தமாகக் கட்டித் தரும் நிறுவியைத்தான் பெரும்பாலோர் பயன்படுத்துகிறோம். நன்றாகச் செய்யப்பட்ட நிறுவி அது. அதில் கவனம் தேவைப்படும் இடங்கள் உண்டு. கூறுகளைத் தேர்ந்தெடுக்கும் பக்கத்தில், கூடுதல் மொழித் தரவு என்ற கிளையை விரித்து, தமிழைத் தேடிப்பிடித்துக் குறியிட வேண்டும். 'அடுத்து, அடுத்து' என்று வேகமாக அழுத்திப் பழகிய விரல்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன. குறியிட்ட மொழிகளை அந்த நிறுவி அந்த நேரத்தில் இணையத்திலிருந்துதான் இறக்குகிறது என்பதால் இணைப்பும் இருக்க வேண்டும். நிறுவும் இடத்தை மாற்றுவதாக இருந்தால், ஏற்கெனவே வேறு கோப்புகள் இருக்கும் கோப்புறையை ஒருபோதும் காட்டாதீர்கள். பின்னாளில் இதை நீக்கும்போது, நீக்கும் நிரல் அந்த முழுக் கோப்புறையையும் உள்ளிருப்பவற்றோடு சேர்த்து அழித்துவிடும்; நூலகத்தாரே தங்கள் பக்கத்தில் இதை எச்சரிக்கையாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆவணங்கள் கோப்புறைக்குள் நிறுவ நினைப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்க வேண்டும்.

நிறுவி முடித்தபின் முனையத்தைத் திறந்து டெசராக்ட் என்று தட்டினால், இது உள்ளமைந்த கட்டளையும் அல்ல, வெளிக் கட்டளையும் அல்ல என்று விண்டோஸ் கைவிரிக்கும். நிறுவி தன் கோப்புறையைக் கணினியின் தேடுபாதையில் சேர்ப்பதில்லை. நாம்தான் சூழல் மாறிகள் பகுதிக்குச் சென்று, பாத் என்ற வரிசையில் 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்பதற்குள் இருக்கும் 'டெசராக்ட்-ஓசிஆர்' கோப்புறையைச் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகும் அதே பிழை வருகிறது என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: முனையத்தை மூடித் திறந்தீர்களா? ஏற்கெனவே திறந்திருந்த சாளரத்துக்குப் புதிய பாதை தெரியாது.

பைத்தான் என்னும் நிரல்மொழி வழியாக இதைப் பயன்படுத்த வருபவர்களின் சிக்கல் தனி வகை. 'பைடெசராக்ட்' என்ற நூலகத்தைப் பிப் கட்டளையால் நிறுவிவிட்டு, டெசராக்டை நிறுவிவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த நூலகம் ஒரு தூதுவன் மட்டுமே. கட்டளையைக் கொண்டுபோய்க் கொடுத்து விடையை வாங்கிவரும். போய்க் கேட்பதற்கு வீட்டில் ஆள் இருக்க வேண்டாமா? டெசராக்ட் நிறுவப்படவில்லை அல்லது தேடுபாதையில் இல்லை என்ற அதன் பிழைச் செய்தி சொல்வது முழு உண்மை. விண்டோஸில் இதற்குத் தீர்வாக, இயங்கு கோப்பின் முழு முகவரியை நிரலில் எழுதச் சொல்வார்கள். அங்கே ஒரு நுட்பமான பள்ளம் இருக்கிறது. முகவரியின் கடைசிப் பகுதியில் சாய்கோட்டை அடுத்து டெசராக்ட் என்ற பெயரின் முதல் சிற்றெழுத்து வருகிறது. பைத்தான் அவ்விரண்டையும் சேர்த்து 'டேப்' என்னும் இடைவெளிக் குறியாகப் படித்துவிடும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும் முகவரி கணினிக்கு வேறொன்றாகிவிடும். மேற்கோள் குறிக்கு முன்னால் 'ஆர்' என்ற எழுத்தைச் சேர்த்தால், உள்ளே இருப்பதை இருப்பது போலவே பைத்தான் எடுத்துக்கொள்ளும்.

மேக் கணினியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மேக்கில் மென்பொருள்களை நிறுவித் தரும் ஹோம்புரூ வழியாக 'டெசராக்ட்' என்று கேட்டால் ஆங்கிலமும் துணைத் தரவுகளும் மட்டும் வரும். 'டெசராக்ட்-லாங்' என்று கேட்டால் மற்ற மொழிகள் அனைத்தும் மொத்தமாக வரும். தமிழை மட்டும் தனியே தரும் வசதி அங்கே இல்லாததால், தமிழுக்காக உலக மொழிகளையெல்லாம் இறக்க வேண்டியிருக்கிறது. இண்டெல் மேக்கிலிருந்து ஆப்பிள் சில்லு மேக்குக்கு மாறியவர்கள், ஹோம்புரூவின் இருப்பிடமே மாறிவிட்டதை நினைவில் வைத்து, பழைய முகவரிகளை நிரல்களில் திருத்திக்கொள்ள வேண்டும்.

மூலநிரலிலிருந்து கட்டி நிறுவுவது தேவையா என்று கேட்டால், பெரும்பாலோருக்குத் தேவையில்லை என்பேன். பழைய உபுண்டுவில் 5-ஆம் பதிப்பு வேண்டும் என்பதற்காக நான் ஒருமுறை செய்தேன். படங்களைத் திறந்து படிக்கும் வேலையை டெசராக்ட் தானாகச் செய்வதில்லை; 'லெப்டானிக்கா' என்னும் வேறொரு நூலகத்திடம் ஒப்படைத்துவிடுகிறது. அதன் உருவாக்கப் பொதி கணினியில் இல்லாவிட்டால் அமைப்புக் கட்டத்திலேயே வேலை நின்றுவிடும். லெப்டானிக்காவையும் நீங்களே கட்டினால், அதற்கு முன் ஜேபெக், பிஎன்ஜி, டிஃப் ஆகிய பட வகைகளுக்கான நூலகங்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் எல்லாம் சுமுகமாக நிறுவப்பட்டு, முதல் படத்தைக் கொடுக்கும்போதுதான் திறக்கத் தெரியாது என்று சொல்லும். வெர்ஷன் கட்டளையின் விடையில் லெப்டானிக்காவுக்குக் கீழே இந்தப் பட நூலகங்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றனவா என்று பார்ப்பது நல்ல பழக்கம். நிறுவிய பின், பகிர்வு நூலகத்தைத் திறக்க முடியவில்லை என்று வந்தால், 'எல்டிகான்ஃபிக்' கட்டளையை ஒருமுறை ஓட்டினால் போதும். கிடங்குப் பதிப்பை நீக்காமல் மேலேயே புதியதைக் கட்டினால், ஒரே கணினியில் இரண்டு டெசராக்டுகள் குடியிருக்கும். எது பேசுகிறது என்றே தெரியாது. ஒன்று தமிழ் அறிந்ததாகவும் மற்றொன்று அறியாததாகவும் இருந்து எங்களை இரண்டு நாள் ஆட்டிவைத்தது.

நிறுவல் பிழை போலத் தோன்றி, நிறுவலோடு தொடர்பில்லாத சிலவும் இருக்கின்றன. பிடிஎஃப் கோப்பை நேரடியாகக் கொடுத்தால் படிக்க முடியாது என்று பிழை காட்டும். பிடிஎஃப்பை வெளியிடத் தெரிந்த இந்தக் கருவிக்கு அதை வாசிக்கத் தெரியாது. பாப்ளர் தொகுப்பிலுள்ள 'பிடிஎஃப்டுபிபிஎம்' கருவியைக் கொண்டு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவில் பக்கங்களைப் படங்களாக்கிக் கொடுக்க வேண்டும். வெளியீட்டுக் கோப்பின் பெயரை 'டிஎக்ஸ்டி' ஒட்டுடன் கொடுத்தால், கருவி தன் பங்குக்கு இன்னொரு ஒட்டைச் சேர்த்துவிடும். கோப்பு உருவாகவில்லை என்று தேடியவர்கள் இரட்டை ஒட்டுள்ள பெயரைக் கவனிக்கவில்லை. படத்தின் நுணுக்க அளவு பூச்சியம், 70 எனக் கொள்கிறேன் என்ற எச்சரிக்கை, படக் கோப்பில் அந்தத் தகவல் இல்லை என்பதை மட்டுமே குறிக்கிறது. அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் உண்மையிலேயே சிறிய படமாக இருந்தால் விளைவு மோசமாகத்தான் இருக்கும். விண்டோஸ் முனையத்தில் தமிழுக்குப் பதிலாகக் கட்டங்கள் தெரிந்தால் குற்றம் முனையத்தின்மீது. கோப்பை உரைத்தொகுப்பியில் திறந்தால் தமிழ் ஒழுங்காகவே இருக்கும். ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் தெரியும் விசித்திரக் குறி, பக்க முறிவுக் குறிதான்.

இவ்வளவு பாடுபட்டு நிறுவுவதற்குத் தகுமா? தெளிவாக அச்சிட்டு ஒழுங்காக வருடிய அண்மைக்கால நூலின் பக்கத்தை, ஒரே பத்தியாக இருந்தால், டெசராக்ட் மெச்சத்தக்க விதமாக வாசிக்கிறது. இடையிடையே ஆங்கிலச் சொல் வரும் பக்கங்களுக்குத் தமிழையும் ஆங்கிலத்தையும் கூட்டல் குறியால் இணைத்துக் கொடுக்கலாம். அல்லது மொழித் தரவுக்குப் பதிலாகத் தமிழ் எழுத்துமுறைக்கென்றே உள்ள தரவை முயன்று பார்க்கலாம். உபுண்டுவில் அது 'டெசராக்ட்-ஓசிஆர்-ஸ்கிரிப்ட்-டிஏஎம்எல்' என்ற தனிப் பொதி. பட்டியலில் அதன் பெயர் எப்படிக் காட்டப்படுகிறதோ அப்படியே கட்டளையில் இட வேண்டும். பக்க அமைப்பைக் கருவியே ஊகிக்கும்படி விடுவதைவிட, 'பிஎஸ்எம்' தேர்வில் 4 அல்லது 6 என்று கொடுத்தபோது கவிதைப் பக்கங்களில் எனக்கு நல்ல விளைவு கிடைத்தது. பிழைகள் பெரும்பாலும் எதிர்பார்த்த இடங்களிலேயே வருகின்றன: காலும் ரகரமும் இடம் மாறிக்கொள்கின்றன, ஔகாரக் குறியின் பின்பாதி ளகரமாகிவிடுகிறது, மங்கிய தாளில் மெய்யெழுத்தின் புள்ளி காணாமல் போய்விடுகிறது. கூகுளின் இணைய எழுத்துணரி என் பக்கங்களில் இதைவிடக் குறைவாகவே பிழை செய்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் அங்கே ஒவ்வொரு பக்கமும் வெளியே போய் வருகிறது. இங்கே வீட்டுக் கணினியிலேயே, இணையம் இல்லாமல், கட்டணம் இல்லாமல், இரவெல்லாம் ஓட விட்டுவிட்டுத் தூங்கலாம். பல பக்கங்களை ஒரே நேரத்தில் ஓட்டுபவர்கள் 'ஓஎம்பி-திரெட்-லிமிட்' என்ற மாறியை 1 என்று அமைத்துக்கொண்டால், ஓட்டங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளாமல் வேலை விரைவாக நடக்கும்.

எந்த நிறுவலாலும் சரிசெய்ய முடியாத இடமும் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வருவதற்கு முன் அச்சான மலர்களில், தும்பிக்கை வைத்த ணை, லை, ளை, னை ஆகிய நான்கும், சுழித்து எழுதிய ணா, றா, னா வரிசை ஒன்பதும் இருக்கின்றன. அந்தப் 13 எழுத்துகளையும் இந்தத் தரவு அறியவில்லை. தும்பிக்கை வைத்த லைகாரத்தை ஒரு வரியில் ஒன்றாகவும் அடுத்த வரியில் வேறொன்றாகவும் படிக்கிறது. ஒரே மாதிரியாகப் பிழை செய்தாலாவது தேடி மாற்றிவிடலாம். இப்போதைக்கு அந்த மலர்களைப் படங்களாக மட்டும் வைத்துவிட்டு, பொருளடக்கத்தையும் கட்டுரைத் தலைப்புகளையும் கையால் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறேன்.